அனிமே விழாவும் எங்கள் பிள்ளைகளும்: சில யோசனைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அனிமே ரசிகர்கள் கூடுகின்ற விழாவை இன்னும் நன்றாக எப்படி நடத்தலாம் என்பதுதான் அது. தமிழ் வானொலியில் இதற்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள், இந்த உரை முடிந்ததும் உங்கள் பிள்ளையின் அறைக்கு ஒருமுறை போய்ச் சுவரைப் பாருங்கள். பெரிய கண்களும் கூரான தலைமயிருமாக யாரோ ஒருவர் அங்கிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அவர் யார், அவரை ஏன் உங்கள் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்று விளங்காமல் இருக்கும் பெற்றோருக்காகவும், இந்த விழாக்களைச் சம்பளமில்லாமல் இழுத்துப் பறித்து நடத்துகின்ற இளையோருக்காகவும் சேர்த்தே இதைப் பேசுகிறேன்.

முதலில் சொற்களை விளக்கிவிடுகிறேன். அனிமே என்பது ஜப்பானில் உருவாகும் கார்ட்டூன் படங்களும் தொடர்களும். மங்கா என்பது அங்குள்ள சித்திரக் கதைப் புத்தகங்கள். தனக்குப் பிடித்த பாத்திரத்தின் உடையைத் தைத்து, முடியும் ஒப்பனையும் வைத்து, அந்தப் பாத்திரமாகவே வந்து நிற்பது கொஸ்பிளே. உடை, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி, 1980களின் முற்பகுதியில் நொபுயுக்கி தக்கஹாஷி என்ற ஜப்பானிய எழுத்தாளர் பரப்பிய சொல் அது.

ரசிகர் என்ற சொல்லை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்குப் பாலூற்றிய பரம்பரை நாங்கள். ரஜினிகாந்தின் 'முத்து' 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டுப் பெரும் வரவேற்புப் பெற்றது. அதற்குப் பிறகு ரஜினி படத்தின் முதல் காட்சியைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறிச் சென்னைக்கு வந்த ஜப்பானியர்கள் உண்டு. மொழி தெரியாத ஒரு நாட்டின் கதை மனிதரை அப்படி இழுக்கும் என்றால், யூலன்டின் சிறு நகரமொன்றில் பிறந்த தமிழ்ப் பிள்ளையை ஜப்பானியக் கதை இழுப்பதில் அதிசயம் எதுவுமில்லை.

டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டளவில் பள்ளிக்கூட முற்றங்களில் போக்கிமொன் அட்டைகளை மாற்றிக்கொண்ட பிள்ளைகள் இன்று தாய் தகப்பனாகிவிட்டார்கள். அந்த ஆர்வத்தோடு சேர்ந்து ரசிகர் விழாக்களும் இங்கே வளர்ந்தன. கொப்பன்கேகனில் ஜே-பொப்கொன், ஓகூஸில் கெங்கி என்பவை பலருக்குத் தெரிந்த பெயர்கள். இவற்றைவிட, பாடசாலை மண்டபத்தையோ விளையாட்டரங்கையோ வாரவிறுதிக்கு எடுத்து, சில நூறு பேருக்காக நடத்தப்படும் சிறிய விழாக்களும் உண்டு. நான் இன்று பேசுவது அப்படிப்பட்ட சிறிய விழாக்களைப் பற்றி. எந்த ஊர், எந்த விழா என்று பெயர் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் எல்லாச் சிறிய விழாக்களுக்கும் பொதுவானவை. நடத்துபவர்களும் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள்தான்.

எனக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நான் ஒரு சாரதி. தொழில் வயோதிபர் இல்லத்தில். சாரதி வேலை வீட்டில். நான்கு வருடமாக மகளையும் அவளுடைய தோழிகள் இருவரையும் விழாவுக்குக் கொண்டுபோய் இறக்கி, மாலையில் ஏற்றி வருகிறேன். இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குத் தூரம் என்பதால், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவேன். ஆகவே மண்டபத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்பில் கையுயர்த்திக் கதைக்காத பிள்ளைகள் அங்கே முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்காகக் கதைப்பதைப் பார்த்திருக்கிறேன். சிறிய ஊரில், தன் விருப்பத்தைப் பகிர ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு வருடத்தில் அந்த ஒரு வாரவிறுதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் விளங்கியது. அதனால்தான் அது நன்றாக நடக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

என் யோசனைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்துத்தான். அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

தோக்கியோவில் கொமிக்கெற் என்ற பெயரில் ஒரு ரசிகர் சந்தை நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை அங்கே விற்பார்கள். 1975 டிசம்பரில் 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேருமாகத் தொடங்கியது அது. 2019இல் நான்கு நாட்களில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இவ்வளவு பெரிதான பின்னரும் அங்கே ஒரு கொள்கையை விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர் எல்லோருமே பங்கேற்பாளர்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கோயில் திருவிழாதான் நினைவுக்கு வந்தது. ஹேர்னிங்கிலோ பிராண்டவிலோ தேர் அன்று போய்ப் பாருங்கள். இளைஞர்கள் வாகனங்களை நிறுத்த இடம் காட்டுவார்கள். அம்மாமார் காய்கறி வெட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் சந்தனமும் தண்ணீரும் கொடுப்பார்கள். வடம் பிடிப்பதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே வந்தவர் எவரும் தன்னை வாடிக்கையாளர் என்று நினைப்பதில்லை. அனிமே விழாவில் மட்டும், பிள்ளைகள் காசு கொடுத்து ரிக்கற் வாங்கியவர்களாக ஒரு பக்கம், நடத்துகின்ற ஏழெட்டுப் பேர் களைத்துப்போய் இன்னொரு பக்கம், பெற்றோர் வாகனத் தரிப்பிடத்தில் மூன்றாவது பக்கம் என்று பிரிந்து நிற்கிறோம். இந்தப் பிரிவைக் குறைத்தால் பாதிக் குறைகள் தாமாகவே குறையும். இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாசல். எங்கள் விழா குளிர்காலம் முடிய முன்னரே வருகிறது. காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும் என்றால் ஒன்பது மணிக்கே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். மெல்லிய துணியில் தைத்த உடை, கையில்லாத சட்டை, மேலே குளிர்காற்று. மழை பெய்தால் ஒப்பனை எல்லாம் வழிந்துவிடும். இதற்குப் பெரிய செலவில்லாத வழி உண்டு. ரிக்கற்றை விற்கும்போதே நேரத்தைப் பிரித்து விற்கலாம்: பத்து மணிக்கு நூறு பேர், பத்தரைக்கு நூறு பேர் என்று. முதலில் மேலங்கி வைக்கும் இடத்தைத் திறந்து பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டு, ரிக்கற்றை அங்கே வைத்துப் பரிசோதிக்கலாம். நிகழ்ச்சி நிரலைத் தொலைபேசியில் மட்டும் போடாமல், பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலிலும் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டவேண்டும். தொலைபேசியின் மின்கலம் மதியத்தோடு செத்துவிடும். சுவரில் ஒட்டிய தாளுக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, முதன்முறை வருபவர். இவர்களுக்கென்று காலையில் அரைமணி நேரம் ஒதுக்கவேண்டும். நிறச் சட்டை அணிந்த ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிக் காட்டவேண்டும். இங்கே படம் பார்க்கலாம், இங்கே வரையலாம், இங்கே சத்தமில்லாமல் இருக்கலாம், ஒரு பிரச்சினை என்றால் இவரிடம் சொல்லலாம் என்று. பெற்றோரும் அந்தச் சுற்றில் சேரட்டும். பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போகிறோம் என்று கண்ணால் பார்த்த தாய் அடுத்த வருடமும் அனுப்புவாள். பார்க்காதவள் ஏதாவது காரணம் சொல்லி மறித்துவிடுவாள். தமிழ் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

மூன்றாவது, திரையிடல். கார்ட்டூன் என்றால் எல்லாமே குழந்தைகளுக்கானது என்று எங்களில் பலர் நினைக்கிறோம். 1988 ஏப்ரலில் ஜப்பானில் இரண்டு படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். ஒன்று ஹயாவோ மியசாக்கியின் 'என் அயலவர் தொத்தோரோ'. காட்டில் வாழும் பெரிய, மென்மையான ஒரு பிராணியின் கதை. மூன்று வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். மற்றது இசாவோ தக்கஹாத்தாவின் 'மின்மினிகளின் கல்லறை'. 1945இல் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் அழிந்துபோகும் கதை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பதுங்கு குழிக்குள் இருந்து வந்த எங்களில் ஒருவர் அதைப் பார்த்தால், அது ஜப்பானியர் கதையாகத் தெரியாது. இரண்டும் ஒரே வகையான வரைதல், ஒரே நிறுவனம். சுவரொட்டியைப் பார்த்து எது யாருக்கு என்று சொல்லமுடியாது.

டென்மார்க்கில் திரையரங்குகளுக்கு வயது அடையாளம் இருக்கிறது: எல்லோருக்கும், 7 வயதுக்கு மேல், 11க்கு மேல், 15க்கு மேல் என்று. பெற்றோருக்குப் பழக்கமான அந்த எண்களையே திரையிடும் அறைக் கதவில் பெரிதாக எழுதிவிடுங்கள். அதோடு ஒரு வரி: போர், மரணம், இரத்தம் என்று படத்தில் என்ன வருகிறது என்பது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கடையில் இறுவட்டு வாங்கிவிட்டோம் என்பதற்காக அதை மண்டபத்தில் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்ட முடியாது. உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி எடுக்கவேண்டும். நான்கு படங்களைத் திருட்டுத்தனமாகக் காட்டுவதைவிட, ஒரு படத்தை அனுமதியோடு காட்டி, அதைப் பற்றி அரைமணி நேரம் கதைக்க வைப்பது நல்லது.

நான்காவது, கொஸ்பிளே. விழாவின் உயிரே இதுதான். ஆகவே இதில் நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் திருத்தும் மேசை. ஊசி, நூல், பின், சூட்டுப் பசை, கத்தரிக்கோல், ஒரு தையல் இயந்திரம். காலையில் வரும்போதே யாருடையதோ தோள்பட்டை கழன்றுவிடும், யாருடையதோ செட்டை ஒடிந்துவிடும். இந்த மேசைக்கு எங்கள் அம்மாமாரைப் போல் பொருத்தமானவர்கள் யாருமில்லை. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மேடைக்குப் பின்னால் நின்று, ஐந்து நிமிடத்தில் உடை தைத்துக் கொடுத்த கைகள் இந்த நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

அடுத்தது ஆயுதங்கள். பாத்திரங்களில் பாதிப்பேர் வாளோடு வருவார்கள். நுரைப்பஞ்சும் மெல்லிய மரமும் போதும். உலோக அலகு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, வாசலில் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக ஒரு நிற நாடா கட்டவேண்டும். பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். புகையிரதத்தில் வரும்போது அவற்றைப் பையால் மூடிக் கொண்டுவரும்படியும் சொல்லவேண்டும். தெரியாத ஒருவர் பார்த்துவிட்டுப் பொலிசுக்கு அழைத்தால் பிள்ளையின் நாள் அதோடு போய்விடும்.

படமெடுப்பதற்குக் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும்; உடையைத் தொடுவதற்கும் கேட்டுவிட்டுத் தொடவேண்டும். நியூயோர்க்கில் நடக்கும் பெரிய விழாவில் 2014 முதல் இதைப் பலகையில் எழுதி வைத்தார்கள். எங்கள் சிறிய மண்டபத்துக்கும் ஒரு பலகை போதும். ஆனால் பலகையோடு ஒரு மனிதரும் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற முறை என் மகள் ஆறு வாரம் தைத்த உடையோடு போனாள். வரிசையில் நின்ற ஒரு பையன் அவளைப் பார்த்து, "நல்லாயிருக்கு, ஆனால் அந்தப் பாத்திரம் இவ்வளவு கறுப்பில்லையே" என்றான். சுற்றி நின்ற இரண்டுபேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். மதியமே அவள் உடையை மாற்றிக்கொண்டு வந்து என் வாகனத்துக்குள் இருந்துவிட்டாள். உள்ளே போய் இதை யாரிடம் சொல்வது என்று தேடினேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள். ஆனால் இது தன்னுடைய பொறுப்பு என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அந்தப் பாத்திரம் ஜப்பானியக் கதையில் வருவது. அதே பாத்திரமாக வந்த வெள்ளை நிற டெனிஸ் பிள்ளையிடம், நீ ஜப்பானியப் பிள்ளை இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே இதைச் சட்டமாகவே எழுதவேண்டும். எந்தப் பாத்திரத்தையும் எவரும் அணியலாம். நிறம், உடம்பு, சக்கர நாற்காலி எதுவும் அதற்குத் தடையல்ல. போட்டியில் நடுவர்கள் தையலுக்கும் கைவேலைக்கும் மேடையில் நிற்கும் விதத்துக்கும் புள்ளி கொடுக்கவேண்டும். முகம் ஒத்துப்போகிறதா என்பதற்கு அல்ல. தொடக்க நிகழ்வில் மேடையில் நின்று இதை வாயால் சொல்லவேண்டும். முறையிட வருபவர்களைக் கேட்பதற்கென்று இரண்டு பேரை, ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாக, பெயர் அட்டையோடு நியமிக்கவேண்டும். நான்கு வருடம் வந்த பிள்ளை ஒரு வசனத்தால் வராமல் போகும் என்றால், அலங்கார விளக்குக்குச் செலவழித்த காசு வீண்.

ஐந்தாவது, அமைதி அறை. பெரிய சத்தமும் வெளிச்சமும் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஒரு வகுப்பறையை வெறுமையாக விட்டு, நான்கு கதிரையும் தண்ணீரும் வைத்தால் போதும். அங்கே இசை இல்லை, படம் எடுப்பதும் இல்லை. பக்கத்திலேயே முதலுதவி அறையையும் வைக்கலாம். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இறுக்கமான உடையோடு நிற்கும் பிள்ளைகள் தலைசுற்றி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது, சாப்பாடு. உறைச்சியும் பாணும் மட்டும் விற்றால் பன்றி இறைச்சி சாப்பிடாதவரும் மாட்டிறைச்சி சாப்பிடாதவரும் மரக்கறிக்காரரும் சிப்ஸோடுதான் நாளை ஓட்டவேண்டும். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதியை நாங்கள் தீர்க்கலாம். மரக்கறி றோல்ஸ், பற்றீஸ், வடை: இவற்றை அளவாக விற்றால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், விழாவுக்கும் காசு சேரும். உணவு விற்பனைக்கான விதிகளை மட்டும் முதலே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

ஏழாவது, விற்பனை மேசைகள். வெளியூர் வியாபாரிகள் பொம்மையும் சுவரொட்டியும் கொண்டுவருகிறார்கள். அவர்கள் வரட்டும், வாடகை கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் கதவுக்குப் பக்கத்து நல்ல மேசைகளில் சிலதை, தாங்களே வரையும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அரைமேசை போதும், இலவசமாகவே கொடுக்கலாம். தன் படம் ஒன்றை முப்பது குரோணருக்கு முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிக்கொண்டு போனால், அந்தப் பிள்ளை அடுத்த வருடம் இருபது படத்தோடு வரும். கொமிக்கெற் 32 குழுக்களில் தொடங்கியதும் இப்படித்தான்.

எட்டாவது, எங்கள் ஊருக்கென்று ஒரு நிகழ்ச்சி. எந்த நாட்டிலும் நடத்தக்கூடிய விழாவாக இல்லாமல், டென்மார்க்கில் நடக்கும் விழா என்று தெரியவேண்டும். அதற்கு விடயம் இல்லாமல் இல்லை. ஓடென்சவில் 1805இல் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சனை ஜப்பானியர்கள் தங்கள் எழுத்தாளரைப் போலவே கொண்டாடுகிறார்கள். அவருடைய 'சின்னக் கடற்கன்னி'யைத் தோயெய் நிறுவனம் 1975இல் அனிமே படமாக எடுத்தது. மியசாக்கியின் 2008ஆம் ஆண்டுப் படமான 'பொன்யோ'வுக்கும் அந்தக் கதையே தூண்டுதல். ஓடென்சவில் 2021இல் திறக்கப்பட்ட புதிய அன்டர்சன் இல்லத்தை வடிவமைத்தவர் கெங்கோ குமா என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர். இந்த மூன்றையும் வைத்து ஒரு மணிநேர நிகழ்ச்சி செய்தால், அனிமே தெரியாத டெனிஸ் தாத்தாவும் வந்து இருந்து கேட்பார்.

எங்கள் பக்கத்திலிருந்தும் கொடுக்க இருக்கிறது. யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர், ராம் மோகன் போன்ற இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் இராமாயணத்தை அனிமே படமாக எடுத்தார். அது 2025 ஜனவரியில் தமிழ் ஒலிச்சேர்க்கையோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதே வருடம் செப்டெம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் இந்தியாவில் தமிழில் ஓடியது. தமிழ் பேசும் அனிமே வீரர்கள் இப்போது இருக்கிறார்கள். வாரவிறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று கதவை அடைக்கும் பிள்ளைக்கு, தனக்குப் பிடித்த வீரன் தமிழில் சண்டைக்கு அழைப்பதைக் காட்டிப் பாருங்கள். விழாவில் ஒரு காட்சியை ஜப்பானியத்திலும் டெனிஸிலும் தமிழிலும் பிள்ளைகளே குரல் கொடுத்து நடிக்கும் போட்டியாகவும் வைக்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முக்கியமானது: ஆட்கள். சென்ற முறை நிறைவு நிகழ்வில் நடத்துநர் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார், நிர்வாகத்தில் இருக்கும் ஏழு பேரில் நான்கு பேர் படிப்புக்காக ஊரைவிட்டுப் போகிறார்கள், வேறு ஆட்கள் முன்வராவிட்டால் அடுத்த விழா இல்லை என்று. மண்டபத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் கொடுக்கப் போனவர்கள் இரண்டு பேர். நல்ல விழாக்கள் சண்டையில் அழிவதில்லை. இப்படிக் களைப்பில்தான் அழிகின்றன.

ஆகவே தொண்டர் வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். "வந்து உதவி செய்யுங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள். "சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மேலங்கி அறையில் இரண்டு பேர் வேண்டும், சாப்பாடு உண்டு" என்றால் வருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொப்பி இருக்கட்டும். எந்தச் சாவி யாரிடம், எந்தக் கடையில் மேசை வாடகைக்கு எடுத்தோம், என்ன பிழைத்தது என்று அதில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். 1986இல் ஓகூஸில் தொடங்கி ஈஸ்டர் விடுமுறையில் நடந்துவரும் பஸ்ரவால் என்ற விளையாட்டு விழா இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு, வந்தவர்களே சமையலுக்கும் துப்புரவுக்கும் கை கொடுப்பது ஒரு பெரிய காரணம்.

சட்டப்படியான வழிகளையும் பயன்படுத்துங்கள். விதிமுறையும், தெரிவு செய்யப்பட்ட நிர்வாகமும், கணக்கறிக்கையும் உள்ள சங்கமாக இருந்தால், 25 வயதுக்கு உட்பட்டோருக்கான செயற்பாடுகளுக்கு மண்டபமும் உதவியும் கேட்டுக் கொமூனிடம் போகலாம். எங்கள் விளையாட்டுக் கழகங்களை அப்படித்தான் நடத்தி வந்திருக்கிறோம். அந்த அனுபவமுள்ள தமிழர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்; ஒரு மாலை உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவுங்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் தொண்டர்களுக்குச் சங்கம் பொலிசிடமிருந்து சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற சட்டம் 2005 முதல் இருக்கிறது. இதைச் சந்தேகமாக எடுக்காதீர்கள். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் அதே விதிதான்.

விழா முடிந்து போகும்போது வாசலில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எது பிடித்தது, எது கஷ்டமாக இருந்தது, அடுத்த முறை நீங்கள் எதைச் செய்து தருவீர்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாவதுதான் பார்வையாளரைப் பங்கேற்பாளராக்கும்.

பெற்றோராகிய நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை இறக்கிவிட்டு வாகனத்துக்குள் இருந்து தொலைபேசியைப் பார்க்காமல், ஒரு மணிநேரம் உள்ளே போங்கள். மேசை தூக்குங்கள், தையல் மேசையில் இருங்கள், பற்றீஸ் பொரித்துக் கொண்டுபோங்கள். "இவர் யார்?" என்று சுவரொட்டியைக் காட்டிப் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள். என் மகள் இந்த முறை போவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. தையல் இயந்திரம் மட்டும் மேசையில் இருக்கிறது, உறை போடவில்லை. நான் திருத்தும் மேசைக்குச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பெயர் கொடுத்துவிட்டேன். அந்த மேசைக்கு இன்னும் மூன்று பேர் தேவை. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த எவரும் வரலாம்.